அண்ணன் வலையைத் தொட்டு ஒன்றரை மாதம் ஆகிறது. இது சோம்பலா, நோயா?

பாம்பன்_தம்பி | மே 19, இரவு 11:40

எல்லோருக்கும் வணக்கம். இங்கே நான் எழுதுவது முதல் தடவை, நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணனுக்கு 41 வயது, விசைப்படகு டிரைவர். போன வருடம் எல்லை தாண்டினார்கள் என்று இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய், ஒன்றரை மாதம் யாழ்ப்பாணத்தில் சிறையில் இருந்தார். ஆள் திரும்பி வந்துவிட்டார், படகு வரவில்லை. அதில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு, கடன் வாங்கிப் போட்ட பங்கு. வந்த புதிதில் நன்றாகத்தான் இருந்தார். வேறொருவர் படகில் திங்கள், புதன், சனி என்று ஒழுங்காகப் போய்வந்தார். பொங்கலுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மாறிவிட்டார். கடலுக்குப் போக டோக்கன் போட்ட நாளிலும் "உடம்பு முடியல" என்று படுத்துக்கொள்வார். ஏப்ரல் 15 மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் ஊரே படகைக் கரையேற்றிப் பலகை மாற்றிக்கொண்டும் வலை கட்டிக்கொண்டும் இருக்கிறது, இவர் திண்ணையில் உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்க்கிறார். வலை கட்டுவதில் எங்கள் தெருவில் அவர் கை மாதிரி வேறு கை கிடையாது, அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

நெஞ்சு எரிச்சல், கை கால் கடுப்பு, தலைப் பாரம் என்று மூன்று டாக்டரிடம் போயாயிற்று. ஈசிஜி, எக்கோ எல்லாம் நார்மல், கேஸ் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். பிள்ளைகள் கொஞ்சம் சத்தம் போட்டால் எரிந்து விழுகிறார், இதற்கு முன் அவர்களைக் கை நீட்டாதவர். மாலையில் குடிக்கிறார், முன்பைவிட அதிகமாக. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வருவதில்லை. அம்மா செய்வினை என்கிறார், அண்ணி எல்லாம் குடியால் வந்தது என்கிறார். மன அழுத்தமோ என்று எனக்குச் சந்தேகம். ஆனால் அவர் ஒரு நாளும் அழுது பார்த்ததில்லை, கவலையாக இருக்கிறது என்றும் சொன்னதில்லை. அழாத ஆளுக்கு மன அழுத்தம் இருக்குமா?

வல்லத்துக்காரர் | மே 20, காலை 5:55

தம்பி, தடைக்காலத்தில் எல்லோரும் அப்படித்தான். 8,000 ரூபாய் நிவாரணத்தை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் குடும்பம் நடத்த வேண்டும் என்றால் எவன் முகம் சிரிக்கும்? ஜூன் 14 முடிந்து கடலில் இறங்கினால் தன்னால் சரியாகிவிடும். எங்கள் அப்பா 64 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியில் வீடு, வலை, கூடப் பிறந்தவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உடுத்திய துணியோடு வந்தவர். எந்த டாக்டரிடமும் போகவில்லை, எங்களை வளர்த்து ஆளாக்கினார். பேர் வைத்தால் இல்லாத நோயும் வந்துவிடும். அவனை ஆஸ்பத்திரிக்கு இழுக்காமல் நாலு பேரோடு பழக விடு.

ஓய்வு_செவிலி | மே 20, பிற்பகல் 2:10

தம்பி, நான் 31 வருடம் இந்த மாவட்டத்தில் செவிலியாக வேலை பார்த்தவள், கடைசி சில வருடம் மனநலப் பிரிவில். உங்கள் கேள்விக்கு முதலில் பதில்: இருக்கும். அழாத ஆளுக்கும் மன அழுத்த நோய் வரும். இந்தக் கரையில் நான் பார்த்த ஆண்களில் "எனக்குச் சோகமாக இருக்கிறது" என்று சொல்லி வந்தவர் ஒருவர்கூட இல்லை. உடம்பு முடியல, நெஞ்சு படபடக்குது, வெறுத்துப் போச்சு, இதுதான் அவர்கள் வாயில் வரும். மனத்துக்கு வந்ததை உடம்புதான் பேசும், அதனால்தான் மூன்று டாக்டரிடம் போயும் ரிப்போர்ட் நார்மல் என்று வந்தது. வலி பொய் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அவருக்கு அது உண்மையாகவே வலிக்கிறது.

நாங்கள் முதலில் கேட்பது இரண்டே கேள்விதான். பெரும்பாலான நாட்கள், நாளின் பெரும்பகுதி, மனம் இறங்கியே இருக்கிறதா? முன்பு பிடித்திருந்த வேலையில், ஆட்களில், சாப்பாட்டில் பிடிப்பு விட்டுப்போயிற்றா? இதில் ஒன்றாவது இருந்து, கூடவே தூக்கம், பசி, களைப்பு, நிதானம், தன்மேல் வெறுப்பு இவற்றில் சிலதும் மாறி, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டர் பார்க்க வேண்டும். ஆண்களிடம் இறங்கிய மனம் பல நேரம் எரிச்சலாகவும் குடியாகவும்தான் வெளியே தெரியும். உங்கள் அண்ணனுக்கு இரண்டு வாரம் எப்போதோ தாண்டிவிட்டது.

வல்லத்துக்காரர் அண்ணன் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு, தடைக்காலத்தில் ஊரே சோர்ந்துதான் இருக்கும். அதனால் ஊரோடு ஒப்பிடாதீர்கள், அவரை அவரோடேயே ஒப்பிடுங்கள். போன வருடத் தடைக்காலத்தில் என்ன செய்தார்? வலை கட்டினாரா, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்காவது போனாரா, சீட்டாவது ஆடினாரா? தூக்கத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அதிகாலை இரண்டு மூன்று மணிக்கு விழித்துவிட்டு மறுபடி தூக்கம் வராமல் கிடப்பது இந்த நோயின் முக்கியமான அடையாளம். நம் ஊரில் மூன்று மணிக்கு எழுவது தொழில் பழக்கம் என்பதால் வீட்டில் யாருக்கும் அது உறைக்காது. கடலுக்குப் போகாத நாளில் எத்தனை மணிக்கு விழிக்கிறார், விழித்ததும் என்ன செய்கிறார் என்று அண்ணியிடம் கேளுங்கள்.

குடியைப் பற்றி: எது முதலில் வந்தது என்று பாருங்கள். பொங்கலுக்குப் பிறகு மனம் இறங்கி, அதன்பின் குடி கூடியிருந்தால் அவர் மருந்தாக நினைத்துக் குடிக்கிறார். ஆனால் சாராயம் தூக்கத்தையும் மனத்தையும் இன்னும் கீழேதான் இழுக்கும். அதற்காக ஒரே நாளில் நிறுத்தச் சொல்லிப் பூட்டி வைக்காதீர்கள், அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், அதை டாக்டர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். இன்னொன்று, தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவு இவையும் இதேபோல ஆளைச் சோர வைக்கும். ரத்தப் பரிசோதனையும் சேர்த்துக் கேளுங்கள்.

பாசிக்காரி_மகள் | மே 20, இரவு 9:30

செவிலி அக்கா சொன்னதைப் படித்ததும் அம்மாவைப் பற்றி எழுதத் தோன்றியது. அம்மா சின்ன வயதிலிருந்தே தீவுப் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிறவர். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு முங்கினால் அவர் மூச்சுக்குப் பக்கத்தில் யாரும் நிற்க முடியாது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் தண்ணீருக்குள் இருக்கும்போதே நெஞ்சு அடித்துக்கொண்டு, கை விரல் மரத்து, மூச்சு முட்டி, "இத்தோடு செத்தேன்" என்று மேலே வந்திருக்கிறார். படகில் தூக்கிப் போட்டதும் அரை மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் இதயத்தில் ஒன்றுமில்லை என்றார்கள். அதன்பின் வீட்டிலும் பஸ்ஸிலும் அதேபோல நாலைந்து தடவை வந்தது. எப்போது வருமோ என்ற பயத்தில் பாசிக்குப் போவதையே விட்டுவிட்டார்.

அதற்கும் முன்பே அடையாளங்கள் இருந்தன, எங்களுக்குத்தான் தெரியவில்லை. நான் பரமக்குடி கல்லூரியிலிருந்து வர பத்து நிமிடம் தாமதமானால் பத்து தடவை போன் செய்வார். வனத்துறை பிடித்தால் என்ன செய்வது, தம்பி கடலில் இருக்கும்போது காற்று மாறினால் என்ன செய்வது, கேஸ் சிலிண்டரை மூடினோமா. ஒன்று முடிந்தால் அடுத்தது. தோள்பட்டை எப்போதும் கல் மாதிரி இறுகி இருக்கும், படுத்தால் தூக்கம் வராது. அம்மா என்றால் அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டோம். டாக்டர் கேட்டபோதுதான் கணக்குப் போட்டோம், ஒரு வருடத்துக்கு மேலாக ஒரு நாள்கூட அவர் நிம்மதியாக இருந்ததில்லை.

ஓய்வு_செவிலி | மே 20, இரவு 10:05

உங்கள் அம்மாவுக்குத் தண்ணீரில் வந்தது பெரும்பாலும் பீதித் தாக்குதல்தான், பேனிக் அட்டாக் என்பார்கள். பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய் அப்புறம் தானாக இறங்கும், ஆனால் அந்தப் பத்து நிமிடம் சாவு மாதிரியே இருக்கும். முதல் தடவை வந்தால் நாமே அப்படி முடிவு செய்யக் கூடாது, இதயத்தைப் பார்த்தே ஆக வேண்டும். இதயம் நன்றாக இருந்தும் திரும்பத் திரும்ப வந்தால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். மாதக்கணக்கில் எல்லாவற்றுக்கும் கவலைப்பட்டு, அந்தக் கவலையை நிறுத்த முடியாமல் இருப்பது பதற்ற நோய். சாதாரணக் கவலைக்கு ஒரு காரணம் இருக்கும், காரணம் போனால் அதுவும் போய்விடும். பதற்றம் ஒரு காரணம் தீர்ந்ததும் அடுத்ததைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். மன அழுத்தமும் பதற்றமும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவதும் நிறைய உண்டு. அம்மா இப்போது எப்படி இருக்கிறார்?

பாசிக்காரி_மகள் | மே 20, இரவு 10:20

மாத்திரை எட்டு மாதம், கூடவே கவுன்சலிங். முதலில் கரையில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கச் சொன்னார்கள், அப்புறம் ஒரு முங்கு, அப்புறம் இரண்டு. இப்போது மறுபடி பாசிக்குப் போகிறார் அக்கா.

கீழக்கரை_பிள்ளை | மே 22, காலை 11:15

எங்கள் லாத்தாவுக்கு, அதாவது அக்காவுக்கு, குழந்தை பிறந்து இரண்டு மாதம் இப்படித்தான் இருந்தது. மச்சான் துபாயில். பிறந்த முதல் வாரம் அழுதது எல்லோருக்கும் வருவதுதான், இரண்டு வாரத்துக்குள் போய்விடும் என்றார்கள். போகவில்லை. பிள்ளை அழுதாலும் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள், "நான் நல்ல உம்மா இல்ல" என்று ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்வாள். மச்சானோடு வீடியோ காலில் பேசும் ஐந்து நிமிடம் மட்டும் சிரிப்பாள், அதனால் அவருக்கு வெகுநாள் தெரியவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். போனில் முகத்தை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று வீட்டில் இருக்கும் மற்றவர்களிடமும் கேளுங்கள்.

ஒரு கேள்வி. மாத்திரை சாப்பிட்டால் அதற்கே அடிமையாகிவிடுவோம் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள்.

ஓய்வு_செவிலி | மே 22, மதியம் 12:40

மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் மாத்திரைகளுக்கு யாரும் அடிமையாவதில்லை. அவை வேலை செய்யவே இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும், முதல் வாரத்தில் குமட்டலும் லேசான படபடப்பும் இருக்கலாம், அதற்குப் பயந்து பாதியில் விடுபவர்கள்தான் அதிகம். நன்றாக ஆனபிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள், நிறுத்தும்போதும் டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்பதால் வீட்டார் பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டும். பழக்கமாகிவிடுவது அல்பிரசோலம் போன்ற பதற்றத்துக்கான தூக்க மாத்திரை. அதை மருந்துக் கடையில் நீங்களாகவே கேட்டு வாங்காதீர்கள். பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்ற மாத்திரைகளும் இருக்கின்றன, டாக்டரிடம் அதைச் சொன்னால் போதும்.

ஏர்வாடிக்காரன் | மே 23, இரவு 8:00

மனநல மருத்துவர் என்றாலே நம் மாவட்டத்தில் ஆட்கள் ஏன் பின்வாங்குகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை எங்கள் ஊரில் ஒரு தனியார் மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். காலில் சங்கிலி, ஓட முடியவில்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, அந்தப் புகை வாடையை இன்றைக்கும் மறக்கவில்லை. மனநோய் என்றால் சங்கிலி என்று இந்தக் கரை முழுக்க ஆழமாகப் பதிந்துவிட்டது. அதனால்தான் வீட்டில் ஒருவருக்கு லேசாக ஆரம்பித்தாலும் வெளியில் சொல்வதில்லை.

அதற்குப் பிறகு உச்ச நீதிமன்றமே தலையிட்டது, அந்த மாதிரிக் காப்பகங்களை மூடினார்கள். இப்போது மனநோய் தீர வேண்டி எங்கள் ஊர்த் தர்காவுக்கு வருகிறவர்களை அரசு மனநல மருத்துவரும் பார்க்கிறார், துவாவும் ஓதலாம் மருந்தும் வாங்கலாம். பாம்பன் தம்பியின் அம்மா செய்வினை என்று சொன்னால் அவரோடு சண்டை போடாதீர்கள். கோயிலுக்கோ தர்காவுக்கோ அந்தோணியார் கோவிலுக்கோ போகட்டும், வரும் வழியில் ஆஸ்பத்திரிக்கும் போங்கள்.

பாம்பன்_தம்பி | மே 24, இரவு 10:30

அண்ணியிடம் கேட்டேன். இரண்டு மணிக்கு எழுந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறாராம், கடலுக்குப் போகாமல் இருந்தும். போன வருடத் தடைக்காலத்தில் எனக்கே ஒரு நண்டு வலை கட்டிக் கொடுத்தார். ஆஸ்பத்திரி என்று சொன்னால் "எனக்கென்ன பைத்தியமா" என்று கத்துகிறார். ஜூன் 15 வரை பார்க்கலாம் என்று அம்மா சொல்கிறார், நானும் சரி என்றுவிட்டேன்.

பாம்பன்_தம்பி | ஜூன் 16, அதிகாலை 4:50

யாராவது விழித்திருந்தால் பதில் போடுங்கள். தடை முடிந்து எல்லாப் படகும் போய்விட்டது, அண்ணன் போகவில்லை. நேற்று ராத்திரி என்னைக் கூப்பிட்டு இன்சூரன்ஸ் பத்திரம், நகைச் சீட்டு எல்லாவற்றையும் கையில் கொடுத்து, "என்னாலதான் படகு போச்சு, நான் இல்லேன்னா கடன்காரன் உங்கள விட்டுருவான்" என்றார். ரொம்ப அமைதியாகச் சொன்னார், அதுதான் பயமாக இருக்கிறது. நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்ட மாதிரி ஆகிவிடுமா?

ஓய்வு_செவிலி | ஜூன் 16, காலை 5:02

கேளுங்கள், இப்போதே கேளுங்கள். "அண்ணே, செத்துப் போகணும்னு தோணுதா?" என்று அதே வார்த்தையில் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது, கேட்க ஒரு ஆள் கிடைத்ததே என்று பாரம்தான் இறங்கும். சொன்னால் புத்திமதி சொல்லாதீர்கள், "பிள்ளைகளை நினைத்துப் பார்" என்று சொல்லவே சொல்லாதீர்கள், அவர் குற்ற உணர்ச்சியில் கிடக்கிறார். பேசட்டும், கேளுங்கள். ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள். ஆபத்தானது எதுவாக இருந்தாலும் அவர் கைக்கு எட்டாமல் எடுத்துவிடுங்கள். 14416 டெலி மனஸ், 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது, நீங்களே கூப்பிட்டு என்ன செய்வது என்று கேட்கலாம். விடிந்ததும் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மனநலப் பிரிவு. நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

பாம்பன்_தம்பி | ஜூன் 16, காலை 5:10

போலீஸ் கேஸ் ஆகுமா அக்கா?

ஓய்வு_செவிலி | ஜூன் 16, காலை 5:12

ஆகாது. எண்ணம் வந்ததைச் சொன்னால் அதில் கேஸே கிடையாது. முயன்றவரைக்கூட, கடும் மன உளைச்சலில் இருந்தவர் என்று எடுத்துக்கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது. கிளம்புங்கள்.

பாம்பன்_தம்பி | ஜூன் 17, இரவு 9:15

கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு "ஆமாடா" என்றார். அப்புறம்தான் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "தூக்கம் வர மருந்து வாங்கலாம்ணே" என்று சொன்னதும் மறுக்காமல் பஸ் ஏறினார், பைத்தியம் அது இது என்ற பேச்சே வரவில்லை. டாக்டர் முதலில் அவரிடம் தனியாக, அப்புறம் எங்களிடம், மொத்தம் முக்கால் மணி நேரம் பேசினார். மன அழுத்தம் எவ்வளவு என்று பார்க்கும் ஒன்பது கேள்வித் தாள் ஒன்றில் 27க்கு 21 வந்தது, கடுமையானது என்று அர்த்தம். வார்டில் சேர்த்திருக்கிறார்கள். சாதாரண வார்டுதான், அண்ணி கூடவே இருக்கிறார். ஏர்வாடிக்காரன் அண்ணே, அம்மா சங்கிலி இருக்கிறதா என்று முதலில் கட்டிலுக்குக் கீழேதான் குனிந்து பார்த்தார்.

வல்லத்துக்காரர் | ஜூன் 18, காலை 6:20

தம்பி, ஜூன் 15இல் சரியாகிவிடும் என்று எழுதியது நான்தான். அதைப் படித்துத்தான் நீ காத்திருந்தாய் என்றால் என்னை மன்னித்துவிடு.

எங்கள் அப்பாவைப் பற்றிப் பெருமையாக எழுதினேன். இரண்டு நாளாக அவரையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மார்கழி பிறந்தால் அவர் தூங்க மாட்டார். கொஞ்சம் காற்று அடித்தாலும் எங்களை எழுப்பிச் சட்டை மாட்டி உட்கார வைத்துவிடுவார். கடல் இரைச்சல் கூடினால் கை நடுங்கும். சாகும்வரை அப்படித்தான். அப்பாவுக்குக் காற்றுப் பயம் என்று சொல்லிக்கொண்டு நாங்கள் பெரியவர்களாகிவிட்டோம். அவரை யாராவது ஒரு டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கலாம், நாங்கள் யாருமே போகவில்லை.

பாம்பன்_தம்பி | ஜூலை 19, இரவு 8:45

எல்லோரும் தனியே கேட்டுக்கொண்டிருப்பதால் இங்கேயே எழுதுகிறேன். பத்து நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் எந்த மாற்றமும் தெரியவில்லை, நானே நம்பிக்கை இழந்துவிட்டேன். போன வாரம் சாப்பிடும்போது "குழம்புல புளி கம்மி" என்றார். ஆறு மாதமாக எதைப் போட்டாலும் பேசாமல் தின்றுவிட்டு எழுந்த மனிதர் என்பதால் அண்ணி அடுப்படியில் போய் நின்று அழுதார். இப்போது ஐந்து மணி வரை தூங்குகிறார். குடி முழுதாக விடவில்லை, குறைந்திருக்கிறது, அதற்கும் தனியாக மாத்திரை கொடுக்கிறார்கள். படகுக் கடன் அப்படியேதான் இருக்கிறது, அதைப் பற்றிப் பேசினால் இன்னும் முகம் இருண்டுவிடுகிறது. நேற்று ஒரு பழைய வலையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார், கட்டவில்லை.

விசைப்படகுக்கு எப்போது போகலாம் அக்கா? அவரே கேட்கிறார்.

ஓய்வு_செவிலி | ஜூலை 19, இரவு 9:10

அவரே கேட்டது நல்ல செய்தி. ஆனால் ராத்திரி முழுக்கக் கடலில் கண்விழிக்கும் வேலைக்கு இப்போது வேண்டாம், தூக்கம் கெட்டால் மறுபடி சரியும். மாத்திரையில் மயக்கம் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அடுத்த தடவை போகும்போது டாக்டரிடம் நேராகக் கேளுங்கள், கரையோரமாகக் காலையில் போய்த் திரும்புகிற வேலை செய்யலாமா என்று.

வல்லத்துக்காரர் | ஜூலை 20, காலை 5:40

என் வல்லத்தில் நண்டு வலைதான் விடுகிறோம். ஐந்தரைக்குப் போனால் பத்து மணிக்குக் கரை. கூட நானும் என் மகனும் இருப்போம், அவர் சும்மா வந்து உட்கார்ந்திருந்தாலும் பங்கு உண்டு. டாக்டர் சரி என்று சொன்னால் அனுப்பு தம்பி, தெற்குவாடியில்தான் வல்லம் கிடக்கிறது.